அச்சத்திற்கு முகம் தந்த கலைஞர்

அஞ்சி நடுங்குவதற்கென்றே காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் உயிர் உலகில் மனிதன் ஒருவன்தான். அந்த விந்தையான வேட்கைக்கு ஒரு முகம் தந்தவர் பேலா லுகோசி. டிராகுலா என்றதும் கறுப்பு மேலங்கியும், படிய வாரிய தலைமுடியும், ஊடுருவும் பார்வையும் நம் நினைவில் எழுகின்றன அல்லவா? அவை அவர் விட்டுச்சென்ற செல்வம்.

1882 அக்டோபர் 20-இல், அன்றைய அங்கேரியின் லுகோஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று ருமேனியாவில் உள்ளது. பேலா பிளாஸ்கோ என்பது இயற்பெயர். பிறந்த ஊரின் பெயரையே பின்னர் தம் பெயராக்கிக்கொண்டார். இளமையிலேயே பள்ளியைத் துறந்து மேடையேறியவர், புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் இடம்பெற்றார். முதல் உலகப் போரில் படைவீரராய்க் காயமுற்றார். 1919-இல் நடிகர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டார். அவ்வாண்டே ஆட்சி கவிழவும், தாயகத்தை விட்டு ஓட நேர்ந்தது. வியன்னா, பெர்லின் எனச் சுற்றி 1920 இறுதியில் அமெரிக்கக் கரை சேர்ந்தார்.

ஆங்கிலம் அறியாத நிலையில், வசனங்களை ஒலியளவில் நெட்டுருப் போட்டு நடித்தார். 1927-இல் நியூயார்க் நாடக மேடையில் டிராகுலா வேடம் கிடைத்தது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலின் நாடக வடிவம் அது. 1931-இல் டாட் பிரவுனிங் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் அதைப் படமாக்கியது. ஏழு வார உழைப்புக்கு அவர் பெற்றது 3,500 டாலர். அப்படத்தில் அவருக்குக் கோரைப்பற்கள் இல்லை. இழுத்துப் பேசும் அயலார் ஆங்கிலமும் கண்களுமே அச்சமூட்டின. குறையே நிறையாயிற்று!

அந்த நிறையே பின்னர் விலங்காயிற்று. தாயகத்தில் காதல் நாயகனாகவும் நடித்தவருக்கு ஹாலிவுட் பெரும்பாலும் பேய் வேடங்களையே நீட்டியது. 1948-இல் அபாட், காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இரட்டையரின் படத்தில் மீண்டும் டிராகுலாவாக வந்தார். கோமாளிகள் அலறி ஓட, அவர் மட்டும் தம் வேடத்தின் கண்ணியம் குன்றாமல் நடித்தார். திகிலும் நகையும் கலக்கும் கலையின் இரகசியம் இதுவே. பேய் பேயாகவே இருந்தால்தான் அஞ்சுபவனைக் கண்டு நமக்குச் சிரிப்பு வரும்.

நரம்பு வலிக்காக உட்கொண்ட மார்ஃபின் அவரை அடிமையாக்கியது. 1955-இல் தாமே முன்வந்து, ஊரறிய, அரசு மருத்துவமனையில் சேர்ந்து மீண்டார். ஆயினும் ஆயுள் நீளவில்லை. 1956 ஆகஸ்ட் 16-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார். டிராகுலா மேலங்கியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மறு ஆண்டே பழைய பேய்ப்படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வலம்வந்து, புதிய தலைமுறைப் பிள்ளைகளைக் கவர்ந்தன. அந்த மரபின் கனியே 1985-இல் வெளிவந்த 'ஃபிரைட் நைட்'. பக்கத்து வீட்டுக்காரன் இரத்தக் காட்டேரி எனக் கண்டுகொள்கிறான் ஒரு பள்ளி மாணவன். எவரும் நம்பவில்லை. தொலைக்காட்சியில் பேய்ப்படம் காட்டும், வேலையிழந்த முதிய நடிகனிடம் அடைக்கலம் தேடுகிறான். பெரியோர் நம்பாத உண்மையைத் தனியே சுமக்கும் தவிப்பு வளரிளம் பருவத்திற்கே உரியதன்றோ? அதனால்தான் அப்படம் இன்றும் மங்கவில்லை.

கதையில் அம்முதிய நடிகன் இறுதியில் மதிப்புப் பெறுகிறான். லுகோசிக்கோ, அந்திமக் காலத்தில் அது வாய்க்கவில்லை. 1994-இல் வெளிவந்த 'எட் வுட்' படத்தில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவை ஆஸ்கார் பரிசு தேடி வந்தது. வேடம் கலைஞனை விழுங்கலாம். ஆனால் அதே வேடந்தான் அவனைச் சாகாமலும் காக்கிறது.