செம்பும் டாக்டர் வில்சனும்

கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டார் வைண்டிங் தெரியாமல் இருக்காது. அதில் சுற்றுகிற அதே செம்பு, உடம்பில் மிஞ்சிப் போனால் ஈரலைக் கெடுக்கும். அந்த நோய்க்கு வில்சன் நோய் என்று பெயர். மெடிக்கல் படித்தவர்களுக்குப் பழகிய பெயர்; மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1878-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் பிறந்தார். பாதிரியாரான அப்பா சீக்கிரமே காலமாகிவிட, குடும்பம் எடின்பரோ வந்தது. 1902-இல் அங்கேயே டாக்டர் பட்டம். பாரிஸில் கொஞ்ச காலம், பிறகு லண்டனில் குவீன் ஸ்கொயர் நரம்பு ஆஸ்பத்திரி.

இளவயதினர் சிலருக்குக் கை நடுங்கும், பேச்சுக் குழறும், சில வருஷத்தில் உயிர் போகும். அப்படி நாலு பேரை நேரில் கவனித்தார். கவர்ஸ் என்ற மூத்த டாக்டரின் பழைய குறிப்புகளையும் தோண்டி எடுத்தார். இறந்தவர்களைப் பரிசோதித்தால் மூளை கெட்டிருந்ததோடு, ஈரலும் முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடந்தது. நரம்பு டாக்டர் ஈரலை விடாமல் பார்த்தாரே, அதுதாங்க பெரிய விஷயம்! 1912-இல் கட்டுரை வந்தபோது அவருக்கு வயசு 33. நம்ம செட் வயசுதான்.

அண்ணன் தம்பிக்கும் வருவதைக் கண்டவர், பரம்பரை என்று ஒப்பவில்லை. ஏதோ நஞ்சு என்றே நினைத்தார். 1937-இல் புற்றுநோயால் இறந்தார். செம்பு மிஞ்சுவது 1948-இல்தான் தெளிவானது. 1956-இல் பெனிசிலமைன் மருந்து வந்தது. மரபணு 1993-இல் கிடைத்தது. அது செய்வது, ஈரலிலிருந்து செம்பைப் பித்தத்துக்குத் தள்ளும் ஒரு பம்ப்! நம்ம ஊர் பாஷையில், பம்ப் ரிப்பேர்.

அந்த மரபணுவில் நூற்றுக்கணக்கான விதமான பிழைகள் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முறைப்பெண்ணைக் கட்டும் நம்ம பக்கம், ஒரே பாட்டனின் பிழை இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல்.

சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்கத்துக்கு முன்பே ஈரல் கெடும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே நாள் கடத்திவிடுகிறோம். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், ஒரு நாள் சிறுநீரில் செம்பு - இந்த டெஸ்டுகள் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பிள்ளைக்கு இருந்தால், நன்றாக ஓடியாடும் மற்ற பிள்ளைகளையும் பார்த்தே ஆக வேண்டும். வில்சனின் காலத்தில் இதற்கு வைத்தியமே கிடையாது. இன்று சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆயுள் முழுக்க மாத்திரை, அவ்வளவுதான். செம்புக் குடத்துத் தண்ணீர் மட்டும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.