ஹாரி குரோ பக்

உடலை ஓம்புதல் உயிரை ஓம்புதலே என்னும் உண்மையைத் திருமூலர் நம் நாட்டார்க்குப் பண்டே உணர்த்தினார். ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் பாடசாலைகளில் தேகப்பயிற்சி என்பது பெரும்பாலும் டிரில் அளவில் நின்றது. அதனைக் கற்பிப்போர் ஏனைய ஆசிரியரோடு ஒப்ப மதிக்கப்பெற்றிலர். இக்குறையை நீக்கத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கப் பெரியார்.

இவர் 1884ஆம் ஆண்டில் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கல்லூரியிற் பயின்றார். 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இரு பழக்கூடைகளைத் தொங்கவிட்டுக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்த இடம் அதுவே. உடல், உள்ளம், ஆவி என்னும் மூன்றும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பது அங்குக் கற்பிக்கப்பெற்ற கொள்கை.

அக்கொள்கையைத் தாங்கி 1919ஆம் ஆண்டில் பக் இந்தியா வந்தார்; மறு ஆண்டே சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். விளையாட்டில் வல்லார் சிலரைப் பழக்குவதினும், ஊர்தோறும் சென்று சிறுவரைப் பழக்கவல்ல ஆசிரியரை ஆக்குவதே அவர் நோக்கம். சில மாணாக்கரோடு தொடங்கிய கல்லூரி, பின்னர் அடையாற்றங்கரையில் பரந்த திடல்களோடு வளர்ந்தது. மேலைநாட்டு ஆட்டங்களை அறிந்த அவர், நம் தண்டாலையும் பஸ்கியையும் சடுகுடுவையும் இகழ்ந்தாரல்லர். அவற்றிற்கும் தம் பாடத்திட்டத்தில் இடமளித்தார். ஊருக்கோர் விதியாக ஆடப்பெற்றால் பூசலே மிகுமென உணர்ந்து, ஆட்டவிதிகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்.

1924ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய ஓட்டப் பந்தய வீரர்க்கு அவரே மேலாளர். சென்னை இலட்சுமணன் தடையோட்டத்தில் ஓடியதும் அங்கேதான். அவ்வீரர் எவரும் பதக்கம் பெற்றிலர். வெறுங்கையோடு மீண்டவர் மனம் தளர்தல் இயல்பு. பக்கோ, மீண்டும் தம் திடலுக்கே வந்து, ஆசிரியரைப் பழக்கும் பணியைத் தொடர்ந்தார். வேர் ஊன்றுமுன் கனி தேடலாகாது என்பதை அவர் செயலே காட்டிற்று. 1943ஆம் ஆண்டில் காலமாகுமளவும் அப்பணியை அவர் விட்டாரல்லர்.

வென்றாரைச் செய்தித்தாள் போற்றும். வென்றாரைப் பழக்கியவரையும் சிலர் அறிவர். பழக்குவாரையே பழக்கியவரை நினைப்பார் யார்? இன்று நம் சேலம், நாமக்கல் சிற்றூர்ப் பள்ளிகளில், வெயிலேறுமுன் ஊதலும் பந்துமாகத் திடலில் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் பக் கோலிய வழியில் வந்தவரே. உடலை ஆலயமெனக் கற்பித்தார் பவுலடிகள். அவ்வாலயத்தைப் பேணக் கற்பிப்பாரும் நம் வணக்கத்திற்குரியரன்றோ? தேர்வு நெருங்குங்கால் விளையாட்டு நேரத்தையே முதலிற் குறைக்கும் மாணவ நண்பர்காள், இதனைச் சிறிது சிந்திப்பீராக.