பட்டம் வாங்காத பழைய மாணவர்

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராகப் பத்து வருடம் இருந்த ஊ தாண்ட், ரங்கூன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். ஆனால் அங்கே படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல.

1909-ல் பர்மாவின் ஐராவதி டெல்டாவில், பாந்தநாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதில் அப்பா இறந்துபோனார். நான்கு பையன்களில் இவர்தான் மூத்தவர். 1926-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், தம்பிகள் படிக்கணுமே என்று 1928-லேயே ஊர் திரும்பி, உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியாரானார். நம்ம செட்டிலும் வீட்டுக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த மலர் அவர்கள் கைக்கும் போகட்டும்.

அந்தப் பள்ளியில் கூட வேலை பார்த்த நண்பர் ஊ நூ. இவர் பின்னாளில் ரங்கூன் மாணவர் சங்கத் தலைவரானார். 1936 மாணவர் போராட்டமே இவரையும் ஆங் சானையும் வெளியேற்றியதில் தொடங்கியதுதான். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் ஊ நூ பிரதமர். ஊ தாண்டை அரசுப் பணிக்கு இழுத்தது அந்த நட்புதான். 1957-ல் நியூயார்க், 1961-ல் தற்காலிகப் பொதுச் செயலாளர்.

1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்து ஊ நூவைச் சிறையில் வைத்தார். ஜூலை 7-ல் வளாகத்தில் துப்பாக்கிச் சூடு; மாணவர்கள் பலர் செத்தார்கள். மறுநாள் விடிகாலையில் மாணவர் சங்கக் கட்டடத்தை ராணுவம் வெடி வைத்துத் தகர்த்தது. விரிசல், அஸ்திவாரம் இறங்கியது, ஆயுள் முடிந்தது என்று கட்டடத்தை இடிக்க நாம் படித்த காரணங்கள் சில உண்டு. இதற்கு அதெல்லாம் காரணமில்லை. உள்ளே கூடியவர்கள்தான் காரணம். அதே வருடம் அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடிக்கும் குருஷ்சேவுக்கும் நடுவே நின்று ஊ தாண்ட் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்.

1974 நவம்பர் 25-ல் நியூயார்க்கில் காலமானார். உடல் ரங்கூன் வந்தபோது நெ வின் அரசு மரியாதை எதுவும் செய்யவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தில் மக்கள் பார்க்க வைத்தார்கள், அவ்வளவுதான். டிசம்பர் 5-ல் மாணவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார்கள். அரசு இறங்கி வந்து ஷ்வேடகன் பகோடா பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னது. குடும்பமும் சம்மதித்தது. மாணவர்களில் ஒரு பிரிவினர் கேட்கவில்லை. சங்கக் கட்டடம் இருந்த வெற்றிடத்தில் அவசர அவசரமாக ஒரு சமாதி எழுப்பி, டிசம்பர் 8-ல் அங்கே அடக்கம் செய்தார்கள். குடும்பத்தின் பேச்சைத் தட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும், வேறெந்த இடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

சமாதி மூன்று நாள்தான் நின்றது. 11-ம் தேதி நள்ளிரவுக்குப் பின் ராணுவம் உள்ளே நுழைந்து பெட்டியை எடுத்துச் சென்று, பகோடா அருகே மறுபடி அடக்கம் செய்தது. ஊரெங்கும் கலவரம் வெடித்து, ரங்கூனில் ராணுவச் சட்டம் போட்டார்கள்.