புதுவைக் கோட்டைக்குப் பெயர் தந்த வேந்தர்

நாம் குடியிருக்கும் அம்பர்நாத், 1060ஆம் ஆண்டில் எழுந்த சிவாலயத்து இறைவனின் திருப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தெய்வத்தின் பெயரையும் அடியார் பெயரையும் ஊருக்கு இட்டு வழங்குதல் நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. விழுப்புரம் மார்க்கமாகப் புதுவை சென்று கடற்கரை கண்டு மீண்ட அன்பர் பலர் அங்குள்ள பாரதி பூங்காவில் அமர்ந்து இளைப்பாறியிருப்பர். அஃது ஒரு காலத்தில் புனித லூயி கோட்டை நின்ற இடமாகும். பிரான்சுவா மார்த்தேன் எழுப்பிய அக்கோட்டை, 1706 ஆகஸ்டு 25ஆம் நாள், அப்புனிதரின் திருநாளன்றே திறக்கப்பெற்றது.

அவர் பிரெஞ்சு நாட்டை ஆண்ட ஒன்பதாம் லூயி மன்னர். 1214இல் பிறந்து, தந்தையை இழந்து, 1226இல் பன்னிரண்டாம் வயதில் முடிசூடினார். அன்னை பிளான்ஷ் அரசியாரே அரசியல் நடத்தி மகனை வளர்த்தெடுத்தார்.

வேனிற்காலத்தில் வென்சேன் வனத்தில் ஓர் ஓக் மரத்தடியில் லூயி அமர்வாராம். வாயிற்காவலர் தடையின்றி ஏழையும் அவர்முன் சென்று முறையிடலாம். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நம் நினைவுக்கு வருகின்றதன்றோ? 1259இல் கூசிப் பிரபு தம் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞரைத் தூக்கிலிட்டுவிட்டார். உயர்குலத்தார் பலர் திரண்டு வந்து பரிந்து பேசியும், மன்னர் அப்பிரபுவைச் சிறையிலிட்டுப் பெருந்தொகை தண்டம் விதித்தார். கட்சிக்காரர் இருவரும் வாளேந்திப் பொருது வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் பழைய முறையையும் தம் ஆட்சிப் பகுதியில் விலக்கினார்.

1248இல் சிலுவைப்போருக்குக் கப்பலேறினார். 1250இல் எகிப்தில் சிறைப்பட்டார். மீட்புப் பணத்தை நிறுத்துக் கொடுக்கையில் அவருடைய ஆட்கள் பதினாயிரம் லிவர் குறைத்து எதிரியை ஏமாற்றினர். இதனை அறிந்த மன்னர் வெகுண்டு, குறைந்ததை முழுவதும் செலுத்தச் செய்தார். நாள்தோறும் பேரேட்டில் கூட்டல் கழித்தலோடு மல்லாடும் நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர் வென்ற போர்களைக் காட்டிலும் இச்செயலே பெரிதாகத் தோன்றுகின்றது.

பாரிஸில் பார்வையற்றோர் முந்நூறு பேருக்கு அவர் இல்லம் அமைத்தார். இருபது இருபதாக எண்ணும் பழைய வழக்கப்படி அதற்குப் பதினைந்து இருபது என்றே பெயர். இன்றும் அஃது அப்பெயரிலேயே கண் மருத்துவமனையாக விளங்குகிறது.

எனினும் மறுபக்கத்தை மறைத்தல் முறையாகாது. அவர் ஆட்சியிலேதான் 1242இல் யூதர்களின் தால்முத் நூற்பிரதிகள் வண்டி வண்டியாகப் பாரிஸில் எரிக்கப்பட்டன. 1269இல் யூதர் ஆடையில் அடையாளச் சின்னம் அணியவேண்டுமென்று ஆணையிட்டவரும் இவரே. மரத்தடியில் ஏழைக்குத் திறந்திருந்த செவி அம்மக்களுக்கு அடைபட்டுப்போயிற்று. அக்காலத்து வழக்கம் அது எனச் சமாதானம் கூறுவாரும் உளர். நமக்கு அது நிறைவு தரவில்லை. அயல் மண்ணில் சிறுபான்மையராய் வாழும் நமக்கு, ஆடையில் சின்னம் என்ற சொல்லே நெஞ்சைச் சுடுகின்றது.

மீண்டும் படையெடுத்துச் சென்ற அவர் 1270 ஆகஸ்டு 25இல் தூனிஸ் நகரருகே பாசறையில் நோயுற்று மாண்டார். 1297இல் போப்பரசர் எட்டாம் போனிபாஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1764இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெஞ்சு வணிகர் லாக்ளேத் நிறுவிய ஊருக்கும் அவர் பெயரையே சூட்டினார். அதுவே இன்றைய செயின்ட் லூயிஸ் மாநகரம். அங்கே குதிரைமீது வீற்றிருக்கும் அவரது சிலையை அகற்றவேண்டும் என்று 2020இல் ஒரு சாராரும், கூடாதென்று மறு சாராரும் வாதிட்டனர். சிலை நிலைத்தது.

புதுவைக் கோட்டையோ நிலைக்கவில்லை. 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். விடுமுறைக்குப் பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் செல்லும் அன்பர்கள், புதுவைப் பூங்காவில் அமரும்போது, தூக்கிலிடப்பட்ட மூன்று இளைஞர் கதையோடு எரியுண்ட நூல்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வார்களாக.