நிகர் உரிமை கேட்ட ஆலிஸ் பால்

வாக்குச் சீட்டு கைக்கு வந்துவிட்டால் பெண்ணுரிமை முழுமை பெற்றுவிடுமா? அமெரிக்க மாதர் பலர் 1920இல் அவ்வாறே எண்ணினர். ஆலிஸ் பால் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை.

1885ஆம் ஆண்டு, நியூ ஜெர்சி மாநிலத்து மவுண்ட் லாரல் என்னும் ஊரில், ஆணும் பெண்ணும் நிகர் என்று கருதிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார் அவர். மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், அங்கே வாக்குரிமை கேட்ட மகளிரோடு சேர்ந்து சிறை புகுந்தார். தாயகம் திரும்பியதும் 1913இல் வாஷிங்டன் நகரில் ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டிப் பேரணி நடத்தினார். அப்பேரணியில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்கு ஒதுக்க முற்பட்டது மறைக்க இயலாத கறையாகும்.

1917இல் மகளிர் வெள்ளை மாளிகையின் வாயிலில் பதாகை ஏந்தி மௌனமாக நின்றனர். போக்குவரத்தைத் தடுத்ததாகக் குற்றம் சாட்டி அவர்களைச் சிறையிலிட்டது அரசு. ஆலிஸ் பால் உண்ணாநோன்பு மேற்கொண்டார். குழாய் வழியே வலிந்து உணவு புகட்டினர். அவர் உறுதி தளரவில்லை. 1920இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது.

ஆனால் சொத்திலும் வேலையிலும் பெண்ணைத் தாழ்த்திய சட்டங்கள் பல மாநிலங்களில் எஞ்சியிருந்தன. அவர் சட்டம் பயின்று, நிகர் உரிமைத் திருத்தத்தை வரைந்தார். 1923இல் அது காங்கிரசின் முன் வந்தது. கடும் எதிர்ப்பு மகளிர் அணியிலிருந்தே எழுந்தது. தொழிற்சாலைப் பெண்களின் வேலை நேரத்தை வரையறுத்த சட்டங்கள் இதனால் பறிபோகும் என்று தொழிலாளர் நலம் நாடிய தலைவியர் அஞ்சினர். பெண்ணுக்கு மட்டும் அளிக்கும் பாதுகாப்பே அவளுக்கு வேலை மறுக்கக் காரணமாகும் என்று வாதிட்டார் ஆலிஸ் பால். இரு பக்கமும் நியாயம் இருந்தது. பிணக்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1972இல் காங்கிரஸ் திருத்தத்தை ஏற்றது. 38 மாநிலங்களின் இசைவு வேண்டும். 35 மாநிலங்கள் இசைந்திருந்த நிலையில், 1977 ஜூலை 9 அன்று அம்மையார் மறைந்தார். 1982இல் காலக்கெடு முடிந்தது. 38ஆம் மாநிலமாக வர்ஜீனியா இசைந்தது 2020இல்தான். காலம் கடந்த அந்த இசைவு செல்லுமா என்னும் வழக்கு பின்னும் தொடர்ந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு பால் வேற்றுமையைத் தடுக்கிறது. பெண்களுக்கெனத் தனிச் சலுகை செய்யவும் அதே பிரிவு இடந்தருகிறது. அமெரிக்க மகளிரைப் பிரித்து நின்ற இரு கோரிக்கைகளும் இங்கே அருகருகே அமர்ந்துள்ளன. ஏட்டில் எளிதாகக் கிடைத்ததை வாழ்வில் மெய்யாக்கும் கடன் நம்முடையது. ஒரு வரிக்காக ஓர் ஆயுளையே அளித்தவரின் கதை அக்கடனை நமக்கு நினைவூட்டட்டும்.