சூலியா தெருவும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும்

சூலியா தெருவில் நாகூர் தர்காவைக் கடந்து பினாங்கு சாலை வரை நடந்து, வலப்பக்கம் திரும்பிக் கடலை நோக்கிப் போனால் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் வரும். பிரான்சிஸ் லைட்டின் கல்லறையைப் பார்க்க அங்குச் செல்வோர் பலர். அவருடைய வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்டும் அதே மண்ணில்தான் அடங்கியிருக்கிறார் என்பதை அறிந்தவர் குறைவு.

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லைக்கு அருகே, ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள மேக்கர்ஸ்டன் அவருடைய ஊர். புல் போர்த்திய குன்றுகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த வட்டாரம் அது. பல நூற்றாண்டுகள் எல்லைச் சண்டையில் நொந்த மண். அந்த மண்ணின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த எழுத்தாளர் வால்டர் ஸ்காட் இவருக்கு உறவினர் என்பர். 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபின், கிழக்கிந்திய வணிகத்தின் கதவு ஸ்காட்லாந்து இளைஞர்களுக்கும் திறந்தது. ஊரில் நிலம் கிடைக்காத இளைய பிள்ளைகள் கப்பலேறினர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த நம் முன்னோர் கதையும் ஏறக்குறைய இதுதானே! ஆனால் அவர்கள் முதலாளிகளாக வந்தார்கள், நம்மவருள் பெரும்பாலோர் கூலிகளாக வந்தார்கள்.

ஸ்காட் முதலில் புக்கெட் தீவில் லைட்டோடு சேர்ந்து வணிகம் செய்தார். மலாய்மொழி பேசி, மலாய்க்காரர் உடை உடுத்தி வாழ்ந்தவர் என்று அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 1786-இல் லைட் பினாங்கில் கொடி ஏற்றியபோது ஸ்காட்டும் இங்கு வந்து சேர்ந்தார். லைட் ஆட்சியைக் கவனித்தார். ஸ்காட் கடையையும் கப்பலையும் கவனித்தார். ஆள்பவரும் வணிகரும் ஒரே கூட்டில் இருந்தால் என்ன நடக்கும்? நல்ல நிலங்களும் வணிகமும் அந்தக் கூட்டின் கைக்குள் போயின. மற்ற வணிகர்கள் முறையிட்டனர்.

அப்போதே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் இத்தீவில் சுமார் ஆயிரம் பேர் இருந்தனர் என லைட் கணக்குக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர்கள், படகோட்டிகள், கூலிகள். அவர்கள் குடியிருந்த இத்தெருவுக்கு அன்று மலபார் தெரு என்று பெயர்.

1794-இல் லைட் இறந்தார். தம் துணைவி மார்த்தினா ரோசெல்சுக்கு உயிலில் சொத்து எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஸ்காட்டுக்கும் வில்லியம் பேர்லிக்கும் இருந்தது. ஆனால் மார்த்தினா அவர்கள் மீதே வழக்குத் தொடுக்க வேண்டி வந்தது. தமக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பது அவருடைய குறை. பினாங்குக்கு முறையான நீதிமன்றச் சாசனம் 1807-இல்தான் கிடைத்தது. நண்பனின் குடும்பத்துக்கு ஸ்காட் செய்தது நியாயமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. மார்த்தினாவின் மகன் வில்லியம் லைட்தான் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்தவர்.

ஸ்காட் 1808-இல் இறந்தார். 1800-இல் அவரோடு வந்து சேர்ந்த இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுன், குளுகோரில் சாதிக்காய்த் தோட்டம் வளர்த்துச் செல்வரானார். இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிற்பது அந்தக் குளுகோர் வட்டாரத்தில்தான். டத்தோ கிராமாட்டில் உள்ள பாடாங் பிரவுன் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குச் சாப்பிடப் போகும் மாணவர்கள் அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று கேட்பதில்லை.