உலுக் பேக்: வானத்தை அளந்த சுல்தான்

தைமூரின் பெயர் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவருடைய பேரர் உலுக் பேக்கை எத்தனை பேருக்குத் தெரியும்?

1394-ல் பிறந்த இவர், 15 வயதிலேயே சமர்கந்தின் ஆளுநரானார். பாட்டனார் நாடுகளைப் பிடித்தார். பேரரோ 1420-ல் ரெகிஸ்தானில் மதரஸா கட்டி முடித்தார். அங்கே மார்க்கக் கல்வியோடு கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அல்காஷி, காழி ஸாதா போன்ற மேதைகள் அவரைத் தேடி வந்தார்கள்.

பிறகு குன்றின் மேல் வானாய்வகம் எழுந்தது. அதிலிருந்த கோணமானியின் ஆரம் சுமார் 40 மீட்டர்! தொலைநோக்கி இல்லாத காலம் அது. கருவி பெரிதாக இருந்தால்தான் பாகையின் நுண்பிரிவுகளைக் குறிக்க முடியும். 1437-ல் 1018 நட்சத்திரங்களின் பட்டியல் தயாரானது. ஆண்டின் நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு கணித்திருந்தார்.

ஆட்சியில் அவருக்கு அந்தத் திறமை இல்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். சொந்த மகன் அப்துல் லத்தீஃபிடமே போரில் தோற்றார். 1449-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் வழியிலேயே கொல்லப்பட்டார். மகனின் ஏற்பாடுதான். வானாய்வகமும் நாளடைவில் மண்ணோடு மண்ணானது. மாணவர் அலீ குஷ்ஜி பின்னர் இஸ்தான்புல் சென்று அக்கல்வியைத் தொடர்ந்தார்.

இடமே மறந்துபோயிருந்தது. 1908-ல் வியாட்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரு பழைய வக்ஃபு பத்திரத்தின் துணையோடு அதைத் தோண்டிக் கண்டார். மேலே கட்டியது எதுவும் மிஞ்சவில்லை. பாறைக்குள் வெட்டி இறக்கிய வளைவு மட்டும் இருந்தது. பக்கத்திலேயே இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.